ஜாப்ளின், 2011 மே 22: இரண்டு சைரன்களுக்கு நடுவே 27 நிமிடங்கள்

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஜாப்ளின் நகரில் மாலை 5:11 மணிக்கு, டொர்னாடோ எனும் சுழற்காற்றுக்கான எச்சரிக்கைச் சைரன் அலறியது. மூன்று நிமிடத்தில் ஓய்ந்தது. அடுத்த சைரன் ஒலித்தபோது மணி 5:38. அதற்குள் டொர்னாடோ தரையைத் தொட்டு நான்கு நிமிடம் ஆகிவிட்டது. ஊரின் மேற்கு எல்லையை அது நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தைக் கீறிவிட்டுப் போனது. அதில் பத்து கிலோமீட்டர் வரை நகருக்குள்ளேயே. சில இடங்களில் அகலம் ஒன்றரை கிலோமீட்டரைத் தொட்டது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊரில் 158 பேர் நேரடியாக அதில் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அமெரிக்காவில் 1950-க்குப் பிறகு ஒரே டொர்னாடோவில் இத்தனை பேர் இறந்ததில்லை.

எச்சரிக்கையே வராத ஊரில் இப்படி நடந்திருந்தால் காரணம் தேட வேண்டியிருக்காது. ஜாப்ளினுக்கு எச்சரிக்கை வந்தது, அதுவும் நல்ல அவகாசத்தோடு. டொர்னாடோ தரை தொடுவதற்கு 17 நிமிடம் முன்பே, 5:17-க்கு, தேசிய வானிலைச் சேவையின் ஸ்பிரிங்ஃபீல்டு அலுவலகம் ஜாப்ளினுக்கு எச்சரிக்கை விட்டுவிட்டது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை உயிர் போனது? வசந்தகாலப் புயல்களுக்கு நடுவே வாழ்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன். பத்து வருடத்துக்கும் மேல் ஆகியும் இந்த ஒரு நிகழ்வை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணமும் இதுதான்.

அந்தப் பருவம்

ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் மூன்று விதமான காற்று வந்து கூடும். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று. மேற்கே டெக்சஸ், நியூ மெக்சிகோ மேட்டு நிலங்களிலிருந்து உலர்ந்த காற்று. இவற்றுக்கு மேலே, உயரத்தில், வேகமாக ஓடும் குளிர்ந்த காற்று. நடுவில் இருக்கும் வெதுவெதுப்பான அடுக்கு பகல் முழுக்க மூடிபோல் அழுத்திக்கொண்டிருக்கும். மாலையில் அந்த மூடி உடையும்போது, அதுவரை அடைபட்டிருந்த சக்தி மொத்தமும் ஓரிரண்டு மணி நேரத்தில் மேலே பாயும். தரையருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசுவதால் மேலெழும் காற்றோட்டம் சுழலத் தொடங்கும். இப்படிச் சுழலும் இடிமழை மேகத்தைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். பெரிய டொர்னாடோக்கள் பெரும்பாலும் இதன் அடியிலிருந்துதான் இறங்குகின்றன.

வங்கக் கடல் புயல் என்றால் நாள்கணக்கில் முன்கூட்டியே தெரியும். டொர்னாடோ விஷயத்தில் அப்படி இல்லை. இன்று இந்த வட்டாரத்தில் வரக்கூடும் என்று காலையிலேயே சொல்லிவிடலாம். எந்தத் தெருவில் என்பது தெரியவரும்போது கையில் மிஞ்சுவது நிமிடங்கள்தான். அந்தக் காலகட்டத்தில் நாடு முழுக்கக் கிடைத்த சராசரி அவகாசமே 13 நிமிடத்தை ஒட்டித்தான் இருந்தது. ஜாப்ளினுக்குச் சராசரியைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

2011 வசந்தம் ஏற்கெனவே கொடூரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் அலபாமாவிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் 300-க்கும் மேற்பட்டோர் டொர்னாடோக்களில் இறந்திருந்தார்கள். அந்தப் படங்களை ஜாப்ளின் மக்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான். ஆபத்து தெரியாத அப்பாவிகள் என்று அவர்களை யாரும் நினைத்துவிடக் கூடாது.

அன்று மாலை

மதியம் 1:30-க்கு டொர்னாடோ வாட்ச் அறிவிக்கப்பட்டது. வாட்ச் என்றால் டொர்னாடோவுக்கான சூழல் கூடியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று அர்த்தம். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிகிறது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே ஒதுங்குங்கள் என்று அர்த்தம். அந்தப் பகுதியில் வசந்தகாலத்தில் வாட்ச் இல்லாத வாரமே அரிது. ஞாயிறு மதியம் கடைக்குப் போகிறவர்கள் போனார்கள். ஜாப்ளின் உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பு விழா மிசௌரி சதர்ன் பல்கலைக்கழக அரங்கில் நடந்தது. விழா முடிந்து குடும்பங்கள் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

5:09-க்கு வந்த முதல் வார்னிங்கில் ஜாப்ளினின் வடகிழக்குப் பகுதியும் அதற்கு அப்பால் உள்ள இடங்களும்தான் அடக்கம். அதை ஒட்டி 5:11-க்கு நகர் முழுக்கச் சைரன் ஒலித்தது. சைரனுக்கு வடக்கு, தெற்கு தெரியாது, ஊருக்கே ஒலித்தது. கேட்டவர்கள் டிவியைப் போட்டார்கள். ஆபத்து வடக்கே என்று டிவி சொன்னது. நமக்கில்லை என்று நிம்மதியானார்கள். எட்டு நிமிடம் கழித்து, 5:17-க்கு, கான்சாஸ் பக்கமிருந்து வந்த இன்னொரு மேகத்துக்கு இரண்டாவது வார்னிங் வந்தது. இதுதான் ஜாப்ளின் மேல் நேராக வந்தது. ஆனால் இந்த எச்சரிக்கைக்கென்று தனியாகச் சைரன் ஒலிக்கவில்லை. அடுத்த சைரன் 5:38-க்குத்தான்.

என் பார்வையில் மொத்த நிகழ்வின் முடிச்சு இந்த 27 நிமிடத்தில்தான் இருக்கிறது. ஊரின் பெரும்பகுதிக்குத் தேவையில்லாத எச்சரிக்கைக்கு ஊர் முழுக்கச் சைரன் கேட்டது, ஊரை நோக்கி வந்த எச்சரிக்கையின்போது சைரன் மௌனமாக இருந்தது.

நடந்ததை ஆராய்ந்த வானிலைச் சேவையின் குழு ஊர்மக்களிடம் விரிவாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறது. அதில் ஒருவர் சொன்னதை இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். முதல் சைரன் கேட்டதும் டிவியைப் பார்த்தார். டொர்னாடோ தன் வீட்டிலிருந்து பல மைல் வடக்கே என்று தெரிந்தது. குடும்பத்தோடு வாசல் திண்ணைக்குப் போய்ச் சுருட்டுப் பிடித்தார். வானம் வழக்கமான இடிமழை மாதிரிதான் இருந்தது. இரண்டாவது சைரன் கேட்டது. ஏதோ சரியில்லை என்று தோன்றவே உள்ளே போய் மறுபடி டிவியைப் போட்டார். ரேடார் படத்தில் ஜாப்ளின் மேல் பல நிறங்கள். மனைவி, வீட்டின் நிலத்தடி அறையான பேஸ்மென்டுக்கு ஓடச் சொல்லிக் கத்தினார். இவர் பூனையைத் தூக்கிக்கொண்டு, மகனைச் ஷூ போடச் சொன்னார். பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்படிக்கு வந்து சேரும்போது டொர்னாடோ வீட்டை அடித்தது. வீடு போனது.

இவர் அலட்சியமானவர் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் விசாரித்தார், பார்த்தார், யோசித்தார். பேட்டி கொடுத்த பெரும்பாலோர் இப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்பது அந்தக் குழு கண்டுபிடித்த முக்கியமான விஷயம். முதல் அறிகுறியை நம்பி உடனே ஒதுங்கியவர்கள் குறைவு. சைரனுக்குப் பிறகு டிவி, டிவிக்குப் பிறகு கண்ணால் பார்ப்பது, இல்லை சொந்தக்காரரிடமிருந்து ஒரு போன் என்று இன்னொரு சான்றுக்காகக் காத்திருந்தார்கள். கண்ணால் பார்ப்பதும் அன்று கைகொடுக்கவில்லை. இந்த டொர்னாடோவைக் கனமழைத் திரை மூடியிருந்தது. படங்களில் வரும் புனல் வடிவம் பலருக்குத் தெரியவே இல்லை. இருண்ட மழைச்சுவர் ஒன்று வருகிறது என்றுதான் நினைத்தார்கள். தரை தொட்ட சில நிமிடங்களிலேயே அது அசுர அளவுக்குப் பெருத்தும் விட்டது.

இப்படிக் காத்திருக்க ஜாப்ளின் மக்களுக்குக் காரணமும் இருந்தது. அப்போது நாடு முழுக்க விடப்பட்ட டொர்னாடோ வார்னிங்குகளில் நான்கில் மூன்றில் டொர்னாடோ வரவில்லை. பலத்த காற்றுக்கும் அதே சைரன்தான். பல வருடமாகச் சைரன் கேட்டும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாதவர்கள், இன்றும் அப்படித்தான் என்று கணக்குப் போட்டதை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே சைரன்தான்.

ஒதுங்க எங்கே இடம்?

சரி, எல்லோரும் 5:17-க்கே நம்பியிருந்தால்? அப்போதும் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்திருக்கும். தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் இந்த நிகழ்வை விரிவாக ஆராய்ந்து 2014 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் கட்டடச் சேதத்தால் இறந்தவர்கள் என்கிறது அது. ஜாப்ளின் வீடுகளில் 82 சதவீதத்துக்குப் பேஸ்மென்டே இல்லை. பொதுமக்கள் ஓடிப்போய் ஒதுங்கப் பொதுப் பாதுகாப்பறை என்று ஒன்றும் ஊரில் இல்லை. மரச்சட்ட வீட்டில் குளியலறைத் தொட்டிக்குள் மெத்தையைப் போர்த்திப் படுத்துக்கொள்வதுதான் பலருக்கு இருந்த ஒரே வழி. சாதாரண டொர்னாடோவில் அது காப்பாற்றக்கூடும். இது ஈஎஃப்-5, டொர்னாடோவின் வலிமையைச் சொல்லும் அளவுகோலின் உச்சி. மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றுக்கான தரம் அது. வீடு இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சிய தெருக்கள் இருந்தன.

பெரிய கடைகள் பார்வைக்குப் பலமானவை. ஹோம் டிப்போ கடையின் சுவர்கள் தரையில் வார்த்துத் தூக்கி நிறுத்திய கனத்த கான்கிரீட் பலகைகள். அவற்றைப் பிடித்து நிறுத்தியிருந்தது கூரை. கூரை பிய்ந்ததும் பலகைகள் சரிந்தன, உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். பக்கத்திலேயே, சின்னஞ்சிறு பெட்ரோல் பங்க் கடை ஒன்றில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பீர் வைக்கும் குளிரறைக்குள் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டு உயிர் தப்பினார்கள். கடை மொத்தமும் தரைமட்டம், அந்த அறை மட்டும் ஓரளவு நின்றது. முன்பின் தெரியாதவர்கள் இருட்டில் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்வதும் பிரார்த்திப்பதும் கைபேசியில் பதிவாகியிருக்கிறது. ஒரு முறை கேட்டேன், மறுமுறை கேட்க மனம் வரவில்லை.

பிட்சா கடை ஒன்றிலும் மேலாளர் எல்லோரையும் குளிரறைக்குள் தள்ளினார். கதவை உள்ளிருந்து தாழிட வழியில்லை. மீள் கயிற்றைக் கதவுப் பிடியில் மாட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு இழுத்துப் பிடித்தார். காற்று அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த பலர் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. கடை ஊழியர்களுக்கு எங்கே ஒதுங்குவது என்று முன்பே சொல்லிக்கொடுத்து, உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரு கெட்டியான அறையும் இருந்திருந்தால் அந்த மனிதர் இன்று இருந்திருப்பார். இந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை ஒன்பது மாடி கான்கிரீட் கட்டடம். அன்று உள்ளே 183 நோயாளிகள். ஊழியர்கள் பலரை அறைகளிலிருந்து நடைபாதைக்கு நகர்த்தியிருந்தார்கள். டொர்னாடோ நேராகக் கட்டடத்தைத் தாக்கியது. தூண்களும் தளங்களும் நின்றன. ஆனால் கண்ணாடிகள் நொறுங்கின, கூரைமேல் இருந்தவை பறந்தன, தண்ணீர் கொட்டியது, மின்சாரமும் அதற்கு மாற்றாக வைத்திருந்த ஜெனரேட்டரும் போயின. அன்றே ஐந்து நோயாளிகளும், பார்க்க வந்த ஒருவரும் இறந்தார்கள். மூச்சுக் கருவியின் துணையில் இருந்தவர்களும் அதில் உண்டு. மீதிப் பேரைக் கைவிளக்கு வெளிச்சத்தில், படிக்கட்டு வழியாக, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கீழே இறக்கிவிட்டார்கள். கதவுகளைக்கூட ஸ்ட்ரெச்சராக ஆக்கிக்கொண்டார்களாம். அதே கட்டடத்தில் மனநலப் பிரிவின் ஜன்னல்களில் மட்டும், நோயாளிகளின் பாதுகாப்புக்காக, உடையாத அடுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. வேறு காரணத்துக்காகச் செய்த ஓர் ஏற்பாடு, மற்ற தளங்களில் எது இருந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒருநாள் வித்தியாசத்தில் தப்பியது பள்ளிப் பிள்ளைகள். உயர்நிலைப் பள்ளி உட்படப் பல பள்ளிக் கட்டடங்கள் சிதைந்தன. ஞாயிறு என்பதால் பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 2013 மே 20, திங்கட்கிழமை, ஓக்லஹோமாவின் மூர் நகரில் பள்ளி நேரத்திலேயே டொர்னாடோ வந்தது. பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஏழு குழந்தைகள் இறந்தார்கள்.

காற்று போன பிறகு

பிழைத்தவர்களில் சிலருக்குச் சில நாளில் காயங்கள் கறுத்து அழுகத் தொடங்கின. மண்ணிலும் அழுகும் மரத்திலும் வாழும் ஒரு பூஞ்சை, காற்று வேகத்தில் உடம்புக்குள் குத்தி ஏறிய மரச்சில்லுகளோடும் மண்ணோடும் சதைக்குள் போயிருந்தது. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்தத் தொற்று 13 பேருக்கு உறுதியானது, ஐவர் இறந்தார்கள். சாதாரணமாக நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைத் தாக்கும் தொற்று இது. இங்கே நல்ல உடல்நிலையில் இருந்தவர்களையும் தாக்கியது. டொர்னாடோவில் பட்ட சின்னக் கீறலையும் நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் காட்டச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

அப்புறம் மாறியவை. 2012 ஏப்ரலில் மிசௌரி, கான்சாஸ் வானிலை அலுவலகங்கள் எச்சரிக்கை எழுதும் முறையை மாற்றின. டொர்னாடோ வருகிறது என்பதோடு நிற்காமல், வீடுகள் தரைமட்டமாகும், ஒதுங்காதவர்கள் உயிர் பிழைப்பது கடினம் என்று விளைவையும் சொல்லத் தொடங்கினார்கள். எல்லா எச்சரிக்கையும் ஒரே குரலில் இருந்தால் எது பெரியது என்று மக்களுக்கு எப்படித் தெரியும்? பின்பு நாடு முழுக்க இந்த முறை வந்தது. கைபேசிக்கு நேராக அலறலோடு வரும் அவசர எச்சரிக்கையும் 2012-இல்தான் தொடங்கியது. ஜாப்ளினுக்கு ஒரு வருடம் பிந்தியது.

நிஸ்ட் அறிக்கை 16 பரிந்துரைகளைத் தந்தது. அதில் என் மனதுக்குப் பெரியதாகப் படுவது, டொர்னாடோவுக்காகக் கட்டடம் வடிவமைக்க முடியாது என்ற பழைய எண்ணத்தை அது உடைத்ததுதான். மிக அபாயமான பகுதிகளில் புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்குப் புயல் பாதுகாப்பறை கட்டாயம் என்று 2015 கட்டட விதித்தொகுப்பு சொன்னது. மருத்துவமனை, பள்ளி போன்ற முக்கியக் கட்டடங்களுக்கு டொர்னாடோ காற்றின் பாரத்தையும் கணக்கிட வேண்டும் என்ற விதி பொறியாளர்களின் 2022-ஆம் ஆண்டுத் தரநூலில் முதல்முறையாக ஏறியது. 2015-இல் ஜாப்ளினில் திறந்த புதிய மெர்சி மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னல்கள் மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றைத் தாங்குபவை. மின்சார ஏற்பாடுகள் தனிக் கட்டடத்தில், சுரங்க வழியாக இணைத்திருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிகளில் கட்டிய பாதுகாப்பறைகள், வார்னிங் வந்தால் பொதுமக்களுக்கும் திறக்கின்றன.

வீடுகள் விஷயத்தில்தான் ஆதங்கம். மூர் நகரம் 2014-இல் புதிய வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும் என்று விதி போட்டது. கூரையையும் சுவரையும் அடித்தளத்தையும் உலோகப் பட்டைகளால் ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டுவதுதான் அதன் சாரம், பெரிய செலவு இல்லை. ஆனாலும் அதைப் பின்பற்றிய ஊர்கள் மிகக் குறைவு.

டாலஸ், ஓக்லஹோமா சிட்டி, கான்சாஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், ஹன்ட்ஸ்வில் என்று இந்தப் பட்டையில் நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. நானும் இதே பட்டையில், பேஸ்மென்ட் இல்லாத அபார்ட்மென்டில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகை குறைவு, சத்தம் இல்லை என்று மேல்மாடியைத்தான் எடுக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவுக்கு, நாம் வேலைக்குப் போன நேரத்தில் சைரன் ஒலித்தால் என்ன செய்வதென்று தெரியாது. மாதச் சோதனைச் சைரனையே கேட்டுப் பதறியவர்கள் உண்டு, அதையே கேட்டுப் பழகி நிஜத்தையும் சோதனை என்று நினைத்தவர்களும் உண்டு. எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா மார்ச்சிலேயே மேல் வீடுகளில் வந்து சொல்லிவிட்டுப் போவார்: "வார்னிங் வந்தா யோசிக்காம இறங்கி வந்துடுங்க, கதவு திறந்துதான் இருக்கும். அப்பாவை முதல்ல கூட்டிட்டு வாங்க." ஜன்னல் இல்லாத அவர் வீட்டு உடைமாற்றும் அறையில் எட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம். காலில் ஷூ, குழந்தைகளுக்குச் சைக்கிள் ஹெல்மெட், கையில் சார்ஜ் ஏற்றிய போன், மருந்துப் பை, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டு போகிறோம். பாதி நேரம் இருபது நிமிடம் கழித்து ஒன்றுமில்லாமல் மேலே ஏறி வருகிறோம், அந்த இருபது நிமிடத்தை வீண் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் நீச்சல்குளம், ஜிம் பற்றிக் கேட்பதோடு, டொர்னாடோ வார்னிங் வந்தால் குடியிருப்பவர்கள் எங்கே ஒதுங்க வேண்டும், அந்த அறை இரவிலும் திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். நான் கேட்ட அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் தெரியவில்லை. கேட்கிறவர்கள் கூடினால்தான் கட்டுகிறவர்கள் அதற்கும் ஓர் அறை ஒதுக்குவார்கள்.